கீறல் விழாத பூட்டு

அத்தியாயம் 6

காலை பத்தரை மணிக்கு ஸ்டெனோ அம்மாவின் பிரின்டர் வேலைநிறுத்தம் செய்தது. மை இருந்தது, காகிதம் இருந்தது, மின்சாரமும் இருந்தது. ஆனால் உள்ளே இருக்கும் மை டப்பா வேறு கம்பெனியுடையது என்பதைக் கண்டுபிடித்துவிட்டதாகவும், அசல் டப்பா போடும்வரை ஒரு எழுத்தும் அச்சடிக்க முடியாது என்றும் அதன் சின்னத் திரையில் வரி ஓடிக்கொண்டிருந்தது.

"துப்பறியறது நம்ம தொழில்னு நினைச்சேன்," என்றான் திருப்புளி. "இது நம்மளவிட வேகமா கண்டுபிடிக்குது, மேடம்."

ஸ்டெனோ அம்மா சிரிக்கவில்லை. ஒரே ஒரு பக்கம் அச்சடிக்க வேண்டும். அதற்காக மூன்று தடவை மூடியைத் திறந்து மூடி, இரண்டு தடவை சுவிட்சை அணைத்துப் போட்டு, ஒரு தடவை கெஞ்சியும் பார்த்துவிட்டார். கடைசியில் இழுப்பறையிலிருந்து பேனாவை எடுத்து, கணினித் திரையில் இருந்ததைக் கையாலேயே எழுதத் தொடங்கினார்.

முப்பத்தோரு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவர் அவர். சாட்சிக் கூண்டிலிருந்து வந்த பொய்களையெல்லாம் கால்புள்ளி தவறாமல் எழுதி எழுதி, எந்த வாயில் எந்தச் சொல் வரும் என்பது அவருக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற மறுமாதமே ஒரு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்துத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். பேர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஊருக்கு அவர் ஸ்டெனோ அம்மாதான்.

திருப்புளி அதற்கு முன் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவன். திருகு போட்டு மூடிய பொருள்களையெல்லாம் கம்பெனிக்காரர்கள் பசை போட்டு ஒட்ட ஆரம்பித்ததும் அவன் தொழில் படுத்துவிட்டது. நாற்பது வயதில் கடையை மூடினான். சட்டைப் பையில் ஒரு திருப்புளி மட்டும் மிஞ்சியது. பெயரும் அதுவாகவே ஆகிப்போனது.

ஸ்டெனோ அம்மா எழுதிக்கொண்டிருந்த அந்தப் பக்கம்தான் இந்த வழக்கில் அவர்களிடம் இருந்த ஒரே தடயம்.

வழக்கைக் கொண்டுவந்தவர் ஒரு மென்பொருள் கம்பெனியின் முதலாளி. முதலில் தானே எழுதி, இப்போது கம்பெனியாக அவர் விற்பது 'வாய்மொழி' என்ற மென்பொருள். தொண்டை அறுவையில் குரலை இழக்கப்போகிறவர்கள் முன்கூட்டியே சில நாள் உட்கார்ந்து தங்கள் குரலைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அறுவைக்குப் பிறகு அவர்கள் டேப்லெட்டில் தட்டுவதையெல்லாம் வாய்மொழி அவர்கள் குரலிலேயே பேசும். அருமையான பொருள்தான். ஆனால் அதற்குள் ஒரு பூட்டும் இருந்தது. வாரம் ஒரு தடவை அது கம்பெனியின் சர்வரைக் கூப்பிட்டு, இந்த ஆள் சந்தா கட்டியவர்தானா என்று கேட்கும். பதில் வராவிட்டால் வாயை மூடிக்கொள்ளும்.

நான்கு மாதமாக, அந்தப் பூட்டே இல்லாத ஒரு பிரதி இணையத்தில் இலவசமாக உலவிக்கொண்டிருந்தது. கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் தளம் ஒன்றில் யாரோ ஏற்றிவிட்டிருந்தார்கள். அறுநூறு பேருக்கு மேல் இறக்கிக்கொண்டார்கள். ஒரு பெரிய மருத்துவமனை கூசாமல் நாற்பது டேப்லெட்டில் போட்டு நோயாளிகளிடம் கட்டணமும் வாங்கியது. இதைச் சொல்லிவிட்டு முதலாளி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். பதினோரு பேர் ராப்பகலாக உழைத்தது, எல்லாரும் ஓசியில் எடுத்துக்கொண்டால் அடுத்ததை யார் எழுதுவார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அவருடைய பொறியாளர்கள் அந்தப் பிரதியைக் குடைந்து பார்த்துவிட்டார்கள். பூட்டை உடைத்த அடையாளமே இல்லை, செய்தவன் மகா கெட்டிக்காரன் என்று கைவிரித்தார்கள். இன்று மாலை ஐந்து மணிக்குப் போலீசில் புகார். வக்கீல் எழுதி வைத்துவிட்டார், பெயரை நிரப்புவதுதான் பாக்கி. அந்தப் பெயரைத்தான் ஸ்டெனோ அம்மா கண்டுபிடித்துத் தர வேண்டும்.

அந்தத் திருட்டுப் பிரதியை ஓடவிட்டுப் பார்க்கலாம் என்றால் அலுவலகக் கணினி இரண்டு நாளாகச் சண்டித்தனம் செய்தது. ஊர் பேர் தெரியாத கோப்பு, ஆபத்தானது, திறக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். எனவே மிஞ்சியது, பிரதியோடு கூட வந்த குறிப்பு மட்டும். எப்படி நிறுவ வேண்டும் என்று யாரோ எழுதி வைத்த ஆறு வரிகள்.

ஸ்டெனோ அம்மா அதை மெல்லப் படித்தார்.

*டேப்லெட்டில் ஏதாவது செருகியிருந்தால் கழற்றித் தனியே வைக்கவும்.*

*நேராகப் படுக்க வைக்கவும். சாய்க்க வேண்டாம்.*

*பச்சைப் பொத்தானை அழுத்தியதும் அசைக்கக் கூடாது. திரை கறுக்கும். பயப்பட வேண்டாம், வலிக்காது.*

*மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து வரை எண்ணவும். இப்போது விடலாம்.*

*சரியாக வரவில்லை என்றால் இன்னொரு தடவை எடுக்க வேண்டியிருக்கும்.*

*கழற்றி வைத்ததை மறக்காமல் எடுத்துச் செல்லவும்.*

நீச்சல் கற்றுக்கொடுக்கிறவர் எழுதியிருப்பார் என்றான் திருப்புளி. நீச்சல்காரர் வலிக்காது என்று எதற்குச் சொல்லப்போகிறார் என்று கேட்டார் ஸ்டெனோ அம்மா. அப்படியானால் பல் டாக்டர் என்றான். பல் டாக்டர் வாயைத் திற என்பார், மூச்சைப் பிடி என்று சொல்ல மாட்டார்.

ஐந்தாவது வரியில் அவர் பேனா நின்றது.

"சாப்ட்வேரைப் போடுவாங்க, ஏத்துவாங்க, இறக்குவாங்க. யாராவது எடுப்பாங்களா, திருப்புளி? நல்லா வரலைன்னா இன்னொரு தடவை எடுக்கறது எதை?"

"கடனை."

"படத்தை," என்றார் ஸ்டெனோ அம்மா. "நகையைக் கழட்டு, அசையாம படு, மூச்சைப் பிடி, இப்ப விடு. இது எக்ஸ்ரே எடுக்கற ஆள் எழுதினது. நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி நாக்குல ஊறிப்போச்சு. டேப்லெட்டைக்கூட நோயாளி மாதிரிதான் படுக்க வைக்கத் தெரியுது."

திருப்புளி அந்தக் காகிதத்தை வாங்கி மறுபடி படித்தான். டேப்லெட்டுக்கு வலிக்காது என்று தைரியம் சொன்ன அந்த ஆளை அவனுக்கு ஏனோ பிடித்துப்போயிற்று.

அடுத்தது கம்பெனி கொடுத்த புகார்ப் பட்டியல். இருநூறு பக்கம். வாடிக்கையாளர்கள் என்னென்ன குறை சொன்னார்கள், கம்பெனி என்ன பதில் சொன்னது என்பதெல்லாம் அதில் இருந்தது. தொழில் என்ற கட்டமே இல்லை. இருவரும் பக்கங்களைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு படித்தார்கள். படிக்கப் படிக்க ஸ்டெனோ அம்மாவுக்கு எரிச்சல் ஏறியது. டேப்லெட்டை அணைத்துப் போட்டுப் பாருங்கள். மறுபடி நிறுவிப் பாருங்கள். புது டேப்லெட் வாங்கிப் பாருங்கள். யார் என்ன கேட்டாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் பதில். நீதிமன்றத்தில்கூடச் சாட்சிகள் இவ்வளவு மாறாமல் பொய் சொல்லி அவர் கேட்டதில்லை.

திருப்புளிதான் கண்டுபிடித்தான். ஒரு வாடிக்கையாளர் பதினான்கு தடவை புகார் செய்திருந்தார். கம்பெனி பதினொரு தடவை திருப்பி அழைத்திருந்தது. பதினொரு தடவையும் 'இணைப்பு கிடைக்கவில்லை'. எல்லாமே காலை ஒன்பதுக்கும் மதியம் மூன்றுக்கும் நடுவில்.

முன்பொரு தடவை ஒரு ஸ்கேன் சென்டருக்கு டிவி மாட்டப் போயிருந்தான் அவன். எக்ஸ்ரே அறைக்குள் நின்றால் போனில் ஒரு கோடுகூட வராது. சுவருக்குள் ஈயத் தகடு. அந்த வாடிக்கையாளருக்காகப் போனை எடுக்க வேண்டிய ஆள் பகல் முழுக்க அப்படி ஓர் அறைக்குள் நிற்கிறார் என்றான்.

ஸ்டெனோ அம்மா பட்டியலை இழுத்துப் பார்த்தார். பயன்படுத்துபவருக்கு வயது எழுபத்திரண்டு. தொடர்புக்கு, மருமகள். ஈமெயில் முகவரி ஒரு ஸ்கேன் சென்டருடையது. கடைசிப் புகாருக்குக் கீழே கம்பெனி எழுதியிருந்த வரி இது: 'வாடிக்கையாளர் புதிய குரல் மாதிரியைப் பதிவு செய்து அனுப்பவில்லை. புகார் முடிக்கப்பட்டது.'

"தொண்டையே இல்லாத மனுஷன்கிட்ட," என்றார் ஸ்டெனோ அம்மா.



ஸ்கேன் சென்டருக்குப் பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கவுன்டரில் ஒரு பெண் சும்மா உட்கார்ந்திருந்தாள். உள்ளே யாரைப் பார்ப்பதானாலும் ஆப் மூலம் டோக்கன் போட வேண்டும் என்றாள். திருப்புளி தன் போனை எடுத்து நீட்டினான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தப் போனில் ஆப் ஓடாது என்றாள். அப்படியானால் டோக்கனை நீங்களே போட்டுக் கொடுங்கள் என்று கேட்டார் ஸ்டெனோ அம்மா. அதற்கு வழியில்லையாம். வாயால் சொல்லிவிடக் கூடாதா என்றால் அதற்கும் வழியில்லையாம். இருவரும் நாற்காலியில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. செயினைக் கழட்டித் தனியா வைங்க. நேராப் படுங்க, சாயாதீங்க. வலிக்காது. மூச்சைப் பிடிங்க. இப்ப விடலாம்.

"வரியெல்லாம் வரிசை மாறாம வருது," என்று முணுமுணுத்தான் திருப்புளி. "கையெழுத்து நிபுணரே வேண்டாம் மேடம், காது போதும்."

வெளியே வந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஸ்டெனோ அம்மா கையால் எழுதிய காகிதத்தை நீட்டியதும் அவள் முகத்தில் பயத்தைவிட அலுப்புதான் அதிகம் தெரிந்தது. மறுக்கவே இல்லை. எழுதியதும் ஏற்றியதும் தான்தான் என்று சொல்லிவிட்டு, ஷிஃப்ட் முடிய இரண்டு மணி நேரம் இருக்கிறது, வரிசையில் ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள், கைது செய்வதானால் மூன்று மணிக்கு மேல் செய்யுங்கள் என்றாள். நாங்கள் போலீஸ் இல்லை என்று ஸ்டெனோ அம்மா சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள்.

அவள் சொன்ன கதை சின்னது. மாமனார் ஏலம் விடும் தொழில் செய்தவர். சந்தை முழுக்க ஒலித்த தொண்டை. அறுவைக்கு முன் ஒன்பது நாள் உட்கார்ந்து குரலைப் பதிவு செய்தார். பேச்சு போன பிறகும் வாய்மொழியில் மருமகளோடு தினம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மின்விசிறி வேகத்திலிருந்து வாசற்கதவுத் தாழ்ப்பாள் வரை எல்லாவற்றுக்கும் சண்டை. சந்தா ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள். திடீரென்று கம்பெனி சர்வரை மாற்றியது. புதுப் பூட்டு பழைய டேப்லெட்டில் ஏறவில்லை. புது டேப்லெட் வாங்கினால் பழைய குரல் அதற்கு மாறாது, புதிதாகப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள்.

"பத்தொம்பது நாள் மேடம். வீட்ல சத்தமே இல்லை. எழுதிக் காட்டுங்க மாமான்னு நோட்டு வாங்கிக் குடுத்தேன். அதைத் தொடக்கூட இல்லை. சண்டை போடறதுக்கு ஆள் இல்லாம நான் தனியாக் கத்திட்டிருந்தேன்."

பிறகு, தொண்டைக்குப் படம் எடுக்க வந்த ஒரு பெண்மணி, கழுத்தில் துணி சுற்றியவர், காத்திருக்கும் ஹாலில் டேப்லெட்டில் பேசிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டதும் தன் பிரதியையே கொடுத்துவிட்டார். அது மாமனாரின் குரலை அப்படியே திறந்தது. அடுத்த வாரம் ஹாலில் இரண்டு பேர் கேட்டார்கள். பிறகு பத்துப் பேர். ஒவ்வொருவருக்கும் சொல்லி மாளாமல் ஆறு வரி எழுதி இணையத்தில் போட்டுவிட்டாள்.

பூட்டை உடைத்தது யார் என்று கேட்டார் ஸ்டெனோ அம்மா.

"எலும்பு எங்க உடைஞ்சிருக்குன்னு கேட்டா சொல்லுவேன். உடைக்கத் தெரியாது," என்றாள். "அந்தம்மா பேர் ரிஜிஸ்டர்ல இருக்கு. ஆனா காட்ட மாட்டேன். இங்க வர்றவங்க பேரையும் படத்தையும் வெளிய குடுத்தா நான் இந்த ரூமுக்கே லாயக்கில்லை."

ஸ்டெனோ அம்மா இரண்டு தடவை வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார். பயனில்லை. கோபம் வந்தது. அவள் சொல்வது சரி என்பதால் கோபம் இன்னும் அதிகமாயிற்று. மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. கைக்குக் கிடைத்த பெயர் ஒன்றுதான், அதைக் கொடுத்தால் ஐந்து மணிக்கு இவள் பெயர் புகாரில் ஏறும். கொடுக்காவிட்டால் பேசிய வேலை முடியாது.

தெருவில் இறங்கி நடந்தபோது திருப்புளி எதையோ மனதுக்குள் அசைபோட்டுக்கொண்டே வந்தான். முதலாளியின் பொறியாளர்கள் என்ன சொன்னார்கள், அடையாளமே இல்லையென்றுதானே என்று கேட்டான். ஆமாம் என்றார் ஸ்டெனோ அம்மா.

"இருபது வருஷம் டிவி பிரிச்சிருக்கேன். எவ்வளவு பெரிய கில்லாடி கழட்டினாலும் திருகு தலையில ஒரு கீறல் இருக்கும். எனக்கு முன்னாடி யாராவது பிரிச்சாங்களான்னு கீறலைப் பார்த்தே சொல்லிடுவேன். கீறலே இல்லைன்னா ரெண்டே அர்த்தம். ஒண்ணு, யாரும் திறக்கலை. இல்லைன்னா, அங்க திருகே போடலை."

ஸ்டெனோ அம்மா நடைபாதையிலேயே நின்றுவிட்டார். பின்னால் வந்த ஒருவர் அவர்மேல் இடித்துக்கொண்டு, முறைத்துவிட்டுப் போனார்.

மூன்றரைக்கு அந்த மருமகளின் வீட்டில் இருந்தார்கள். இரண்டாவது மாடி, சின்னக் கூடம், ஜன்னலோரம் நாற்காலி. அதில் சட்டைக் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒற்றை விரலால் டேப்லெட்டில் தட்டினார். நிதானமாகப் பல தட்டல் கேட்டது, பிறகு கூடமே அதிரும்படி ஒரு குரல் எழுந்தது.

"புடிக்க வந்தீங்களா? வாரன்ட் இருக்கா?"

"மாமா, சத்தத்தைக் குறைங்க. மேல் வீட்டுக்காரங்க நேத்தே கேட்டாங்க," என்றாள் மருமகள்.

மறுபடி தட்டல். "அவங்க வாரன்ட் கேட்டாங்களா?"

ஸ்டெனோ அம்மா அவரிடம் மரியாதையாக ஒரு உதவி கேட்டார். டேப்லெட்டை முழுக்க அணைத்துவிட்டு, வாய்மொழியை முதலிலிருந்து திறந்து காட்ட முடியுமா என்றார். கம்பெனி விற்கும் பிரதி திறக்கும்போது, கூலிக்குப் பேசிய ஒரு குரல் 'வாய்மொழிக்கு நல்வரவு' என்று சொல்லும். அதைக் கம்பெனி அலுவலகத்தில் அவர் கேட்டிருந்தார். கிழவர் சந்தேகத்தோடு பொத்தானை அழுத்தினார். திரை கறுத்தது. எல்லாரும் தெரியாமலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு பெண்ணின் குரல் வந்தது. கரகரத்த குரல், கொஞ்சம் தயங்கிய குரல்.

"தம்பி, சத்தம் வருதா?"

அது எப்போதும் அப்படித்தான் சொல்லும், அதற்குப் பிறகு மாமா குரல் வந்துவிடும் என்றாள் மருமகள். ஸ்டெனோ அம்மா இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை.

தம்பி என்றால் யாராகவும் இருக்கலாம், கடையில் கூப்பிடுகிறவர்களெல்லாம் தன்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்றான் திருப்புளி.

"இது கடையில பேசினது இல்லை. முதல் முதலா இந்த மிஷின் வாயைத் திறந்தப்ப பேசினது. அந்த நேரத்துல எதிர்ல யார் உட்கார்ந்திருப்பாங்க? எழுதினவன்தான். அவனைப் பார்த்துத்தான் அந்தம்மா கேக்கறாங்க." திருப்புளி பக்கம் திரும்பினார். "நீ சொன்னதுதான் சரி. இதுல பூட்டை யாரும் உடைக்கலை. பூட்டு செய்யறதுக்கு முன்னாடி செஞ்ச பிரதி இது."

அவர் மருமகள் பக்கம் திரும்பவில்லை. அவளிடம் எதுவும் கேட்கவும் இல்லை. ஆனால் ஹாலில் பிரதியைக் கொடுத்த பெண்மணியின் குரல்தான் இது என்பதற்கு, அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற விதமே போதுமானதாக இருந்தது. ஸ்டெனோ அம்மா போனை எடுத்து முதலாளியை அந்த வீட்டுக்கே வரச் சொன்னார்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முதலாளி வந்தார். கையில் வக்கீல் எழுதிய புகார். நாற்பது வயது, தூக்கமில்லாத கண்கள். உட்காரச் சொன்னதற்கு நிற்கிறேன் என்றார். பெயரைச் சொல்லுங்கள், வக்கீல் காத்திருக்கிறார் என்றார்.

"சொல்றேன். அந்தத் திருட்டுப் பிரதியை நீங்க ஒரு தடவையாவது ஓடவிட்டுக் கேட்டிருக்கீங்களா?"

அதைத் தொடக்கூடப் பிடிக்கவில்லை, பொறியாளர்களிடம் கொடுத்துவிட்டேன் என்றார் அவர். அந்தப் பொறியாளர்கள் எல்லாரும் பூட்டுப் போட ஆரம்பித்த பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள்தானே என்று கேட்டார் ஸ்டெனோ அம்மா. ஆமாம் என்றார்.

கிழவர் பொத்தானை அழுத்தினார்.

"தம்பி, சத்தம் வருதா?"

முதலாளியின் கை தானாக நாற்காலி முதுகைத் தேடிப் பிடித்தது. அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் பேசியது பெரும்பாலும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது போலத்தான் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் அவருடைய அக்காவுக்குத் தொண்டையில் அறுவை என்று நாள் குறித்தார்கள். வேலையை விட்டுவிட்டு, அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மூன்று மாதத்தில் இதை எழுதினார். அறுவைக்கு முந்தின வாரம் சோதனை செய்து பார்த்தபோது அக்கா தட்டிய முதல் வரி அது. கம்பெனி, பங்குதாரர்கள், பூட்டு எல்லாம் பிறகு வந்தவை. அக்கா இன்னும் அந்தப் பழைய பிரதியைத்தான் வைத்திருக்கிறார் என்பதே அவருக்குத் தெரியாது.

"யாராவது கேட்டாக் குடுக்கலாமான்னு அக்கா அப்பவே கேட்டா. யார் கேட்டாலும் குடுன்னு சொன்னேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்த வருஷம் மூணு தடவை சொன்னா. ஆஸ்பத்திரியில பாக்கற ஜனங்களுக்குப் பேச்சு நின்னு போச்சாம், என்னன்னு பாருடான்னா. சப்போர்ட்டுக்கு எழுதச் சொல்லுன்னு சொல்லிட்டேன்."

"எழுதினோம்," என்றாள் மருமகள். "பதினாலு தடவை."

முதலாளி நிமிர்ந்தார். பழைய கோபம் பாதி திரும்பி வந்தது. அதற்காக இணையத்தில் போட்டுவிடுவதா, அறுநூறு பேரில் எத்தனை பேர் சந்தா கட்டியவர்கள், அந்த மருத்துவமனை அடித்த கொள்ளைக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார்.

தான் செய்தது முழுக்கச் சரி என்று சொல்லவில்லை என்றாள் அவள். ஓசியில் சினிமா இறக்குகிறாரென்று தன் கணவரிடம் வாரம் தவறாமல் சண்டை போடுகிறவள்தான் அவள். "ஆனா எங்க மாமா குரலை நாங்க எங்கிருந்தும் இறக்கலை சார். அது அவரோடது. காசு குடுத்து உங்ககிட்ட வெச்சோம். நீங்க உள்ள வெச்சுப் பூட்டிட்டு, சாவி மாத்திட்டோம், புதுக் குரல் கொண்டு வாங்கன்னீங்க."

ஸ்டெனோ அம்மா இருவருக்கும் நடுவில் வந்தார். மருத்துவமனைமேல் புகார் கொடுங்கள், நானே சுத்தமாகத் தட்டச்சு செய்து தருகிறேன், பிரின்டர் மனம் வைத்தால் அச்சடித்தும் தருகிறேன் என்றார். ஆனால் கையிலிருக்கும் இந்தக் காகிதத்தில் நிரப்ப வேண்டிய பெயர், யார் கேட்டாலும் கொடு என்று சொன்னவருடையது. அதை எழுதிக்கொள்ள அவருக்குச் சம்மதமா என்று கேட்டார்.

முதலாளி புகாரை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். மருத்துவமனைக்கு வேறு புகார் எழுதச் சொல்கிறேன் என்றார். எழுந்து கிளம்பப் பார்த்தார்.

அப்போது தட்டல் சத்தம் கேட்டது. கிழவர் இவ்வளவு நேரம் முதலாளியையே அளந்துகொண்டிருந்தார்.

"பூட்டை எப்ப எடுக்கறீங்க?"

முதலாளி கைகூப்பாத குறையாக விளக்கினார். பங்குதாரர்களைக் கேட்க வேண்டும். எல்லாப் பூட்டையும் எடுத்தால் கம்பெனியே நிற்காது. பழைய டேப்லெட்காரர்களுக்கு மட்டும் எடுப்பதானாலும் ஆள் போட்டு வேலை செய்ய வேண்டும். கட்டாயம் பார்க்கிறேன் ஐயா, கூடிய சீக்கிரம் பார்க்கிறேன் என்றார். அன்று காலையில் இருநூறு பக்கம் படித்த ஸ்டெனோ அம்மாவுக்கு அந்தப் பதில் நன்றாகப் பழகியதாகத் தோன்றியது.

கிழவர் தலையாட்டினார். விரல் மெதுவாக இறங்கியது.

"ஒரு தரம்."

சந்தையையே நிறுத்தி வைத்த குரல். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்த முதலாளி திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, நான் ஒருத்தன் மட்டும் முடிவு பண்ற விஷயம் இல்லை இது."

"ரெண்டு தரம்."

ஸ்டெனோ அம்மா பேனா மூடியைக் கழற்றிக் குறிப்பேட்டைத் திறந்துகொண்டார். மருமகள் மாமனாரின் பின்னால் போய் நின்றாள். கிழவரின் விரல் எழுத்தைத் தேடி நகர்ந்தது. முதலில் ம. பிறகு அது மூ ஆயிற்று. அவர் வேகத்தில் ஒரு சொல்லைத் தட்டி முடிப்பதற்குள் பேருந்தையே பிடித்துவிடலாம். முதலாளி ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்து, திரையில் எழுத்து எழுத்தாக உருவாகிக்கொண்டிருந்த அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிறுத்துங்கய்யா," என்றார். "சந்தா கட்டினவங்க யாருக்கும் இனிமே குரல் நிக்காது. வாராவாரம் கேக்கற பூட்டை எடுத்துடறேன். நாளைக்குக் காலையில முதல் வேலை அதுதான். பங்குதாரர்கிட்ட நான் பேசிக்கறேன்."

ஸ்டெனோ அம்மா அதைச் சொல் மாறாமல் எழுதி, தேதியும் நேரமும் போட்டு, கையெழுத்துக்கு நீட்டினார். முதலாளி நின்றபடியே போட்டார்.

கிழவர் நிறுத்தவில்லை. தொடங்கிய ஏலத்தைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை அவர். மிச்சமிருந்த எழுத்துகளையும் நிதானமாகத் தட்டி முடித்தார்.

"மூணு தரம்," என்றது அவர் குரல். உள்ளங்கையை விரித்து மேசையில் ஓங்கி ஓர் அடி அடித்தார்.